பாட்டு நின்ற வீட்டில் இரண்டாம் வாய்ப்பாடு

எழுதுவது என் தொழில் அல்ல. மன்னாரில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், அதோடு சரி. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்காத ஆள், முன்பின் தெரியாதவர்கள் படிக்கும் இடத்தில் எழுத வந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யூத சமயத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஒரு வீட்டில் கண்டதையும் கேட்டதையும்தான் சொல்கிறேன். அந்த வீட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்லப் போனால் எனக்கு வார்த்தை வருவதில்லை.

மெல்பேர்னுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கினேன். இடுப்புக்குப் பின்னால் நாரி பிடித்துக்கொண்ட பிறகு அந்த வேலை சரிவரவில்லை. முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் என் மனைவிதான் என்னையும் அந்தப் படிப்புக்கு இழுத்துவிட்டாள். "கதைக்கத் தேவையில்லை, கவனமாப் பிடிச்சாக் காணும்" என்று சொல்லித்தான் சேர்த்தாள். அது பொய். இந்த வேலையில் கதைக்காமல் ஒன்றும் நடக்காது.

அப்படித்தான் கோல்ஃபீல்டில் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். நாங்கள் இருக்கும் ரோவிலில் இருந்து காலை நெரிசலில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். வீட்டுக்காரருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஐரோப்பாவில் பிறந்து, சின்ன வயதில் கப்பலில் வந்து, துணி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். பார்க்கின்சன் நோய். நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முக்கியமாகக் கதவு வாசலில். உடம்பு முன்னால் போகும், கால் வராது. பிடிக்காவிட்டால் விழுவார்.

அதற்கு மருந்து பாட்டு. உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் கண்டுபிடித்துக் கொடுத்த வழி அது. அவர் பிடித்து நடக்கும் சில்லு வைத்த வோக்கரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்கும். பாண்ட் வாத்தியமோ, யூதர்களுடைய கல்யாண ஆட்டப் பாட்டோ, தாளம் உறுதியாக இருந்தால் போதும். பாட்டுத் தொடங்கியதும் கால் தரையை விட்டுக் கிளம்பும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பகலில் பொத்தானை அமத்துவது நான். இரவில் அவர் எழும்பினால் அவருடைய மனைவி அமத்துவார். அந்த அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அரைத் தூக்கத்தில் கை நீட்டிப் பாட்டைப் போட்டுவிட்டு, அவர் திரும்பி வந்து படுக்கும்வரை விழித்திருப்பார்.

அந்த அம்மாதான் முதலில் போனார். இருதயம். ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டாம் நாள்.

எங்கள் பக்கம் செத்த வீடு என்றால் சத்தம். ஒப்பாரி, செபமாலை, ஒலிபெருக்கியில் சோகப் பாட்டு, பந்தலுக்குக் கீழே சனம். அதே நினைப்பில் நான் அந்த வீட்டுக்குள் போனேன். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவரும் சிட்னியில் இருந்து வந்த மகளும் தாழ்வான கதிரைகளில் இருந்தார்கள். காலையும் மாலையும் ஆண்கள் வந்து நின்று செபித்துவிட்டுப் போனார்கள். மற்ற நேரம் வந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாதாம். குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்ற என்னிடம் மகள் அதைச் சொன்னபோது, என் வாழ்நாளில் எனக்கென்றே ஒரு சட்டம் போட்டிருப்பதாக முதல் தடவையாக உணர்ந்தேன். எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும் என்ன சொல்வது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் நான். இங்கே அதுதான் மரியாதை.

அப்படித் தாழ்வாக இருக்கும் ஏழு நாள் முடிந்தாலும் அவர்களுக்குத் துக்கம் முடியாது. மனைவிக்காக அவருக்கு முப்பது நாள். தாய்க்காக மகளுக்கு ஒரு வருடம். அதுவரை பாட்டுக் கேட்கக் கூடாது. ஸ்பீக்கரை மகள் வோக்கரில் இருந்து கழற்றவில்லை, அவர்தான் கழற்றச் சொன்னார்.

அவர் பேசியது இங்கிலிஷ். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"டாட், அது பாட்டில்லை, மருந்து. ரபியைக் கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவார்" என்றாள் மகள். ரபி அவர்களுடைய மதகுரு.

"அதாலதான் நான் கேக்கேல்லை."

"விழுந்து இடுப்பை உடைச்சா?"

"உடைஞ்சா உடையட்டும்."

மகள் அழுதுகொண்டு குசினிக்கு வந்துவிட்டாள். எனக்கு விசயம் தெரியும். பராமரிப்பு நிறுவனத்தில் இருந்து ஒரு பெண் அவரை மதிப்பிட வரப்போகிறாள். இரவில் துணைக்கு இருந்த மனைவி இல்லை. மகள் வேலைக்காகச் சிட்னிக்குத் திரும்ப வேண்டும். அவர் தனியாகப் படுக்கையில் இருந்து கழிவறைக்குப் பத்திரமாகப் போய் வந்தால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் முதியோர் இல்லம். வரும் திகதியை மாற்றிக் கேட்டால் அடுத்தது சில மாதங்களுக்குப் பிறகுதான், அதுவரை பொறுப்பெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் வரும் நாள் முப்பதுக்குள் விழுந்தது.

அவரை முகம் கழுவ வைக்கும்போது, அவராகவே சொன்னார். "நீ பாத்தாய்தானே, மயானத்தில. எல்லாரும் மண்வெட்டியால மூண்டு தரம் மண் போடுகினம். என்ர கை நடுங்கி மண் முழுக்க என்ர சப்பாத்திலதான் விழுந்தது. அவவுக்கு ஒரு பிடி மண் போடேலாமப் போச்சு. இந்தப் பாட்டு நிப்பாட்டுறது ஒண்டுதான் என்னால ஏலும். இதையும் மருந்தெண்டு சொல்லிப் பறிச்சுப் போடாதேங்கோ."

அதன் பிறகு நான் அந்த ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் வேறு வழிகளைப் பார்த்தாள். கைத்தொலைபேசியில் டிக் டிக் என்று தாளம் மட்டும் போடும் ஒன்றை இறக்கினாள். அவர் அதைக் கேட்டுவிட்டு, "எப்ப வெடிக்கும்?" என்று கேட்டார். கால் அசையவில்லை. இங்கிலிஷில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தாள். எட்டு வந்ததும் நின்றுவிட்டார். "ஆயுள் முழுக்க இதில காசு எண்ணினனான். எண்ணத் தொடங்கினா எனக்குக் கடை ஞாபகம் வருது."

ஒரு நாள் காலை கழிவறை வாசலில் அவருடைய கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் சரிய, நான் இடுப்புப் பட்டியைப் பிடித்தேன். என் நாரி சுளீர் என்றது. இரண்டு பேரும் சேர்ந்து விழப்போகிறோம் என்று நினைத்தேன். பயம் வந்தால் என் வாய் தானாக மன்றாட்டு மாலை சொல்லத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வரும் செபம் அது. வாய்க்குள் முணுமுணுத்தேன். மூன்றாம் பெயருக்கு அவருடைய வலது கால் தரையை விட்டுக் கிளம்பியது. அடுத்த பெயருக்கு இடது கால். வாசலைத் தாண்டிவிட்டோம்.

உள்ளே இருந்தபடி கேட்டார். "யங் மேன், அது என்ன பாட்டு?"

ஐம்பத்தொரு வயது எனக்கு. ஆனாலும் அவருக்கு நான் யங் மேன்.

"பாட்டில்லை, சேர். செபம்."

"ஆரிட்ட?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாதாவிட்ட."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு அவர் தோள் குலுங்கியது. மனைவி இறந்ததில் இருந்து அவர் சிரித்து அன்றுதான் கண்டேன்.

"கிழட்டு யூதன் ஒருத்தனை நடக்க வைக்கச் சொல்லி ஒரு யூதத் தாயிட்டக் கேட்டிருக்கிறாய். விலாசத்தில பிழையில்லை. ஆனா இதைக் கேட்டா என்ர மனிசி எழும்பி வந்திடுவா. வேற என்ன தெரியும் உனக்கு?"

எனக்கு வேறு என்ன தெரியும்? பாடத் தெரியாது, தெரிந்தாலும் பாடக்கூடாது. யோசித்துப் பார்த்தால் மனப்பாடமாக இருந்தது ஒன்றுதான்.

"வாய்ப்பாடு தெரியும், சேர். பெருக்கல்."

"சொல்லு பாப்பம்."

கூச்சமாக இருந்தது. கழிவறை வாசலில், கையில் முகம் துடைக்கும் துவாயோடு, இரண்டாம் வாய்ப்பாடு. "ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நாலு, மூவிரண்டு ஆறு..." வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது இழுக்கும் அதே இழுவை, அதே வெட்டு, தானாக வந்தது. அவர் வோக்கரைப் பிடித்தார். நாலிரண்டு எட்டுக்குக் கால் கிளம்பியது. பத்திரண்டு இருபதுக்கு நடைபாதையின் பாதியில் நின்றோம். திரும்பவும் தொடங்கினேன், கதிரைக்கு வந்துவிட்டோம்.

அவருக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. "தெரிஞ்ச பாஷையில எண்ணினா மூளை கணக்குப் பாக்கப் போகுது. இதில எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. காலுக்கு மட்டும் விளங்குது."

குசினியில் இருந்து ஓடிவந்த மகள் சந்தேகத்தோடு நின்றாள். "டாட், ராகமாத்தானே கேக்குது. இதுவும் சங்கீதம் மாதிரி..."

"ஓ, ஸ்பீக்கரைப் போடச் சொன்ன ஆளே இப்ப சட்டம் கதைக்கிறா. சங்கீதம் ஏன் கூடாது? சந்தோசம் தாறதால. பெருக்கல் வாய்ப்பாட்டை ரசிச்சுக் கேட்ட ஒரு ஆளைக் காட்டு." என் பக்கம் திரும்பினார். "யங் மேன், உனக்கு இது சந்தோசம் தருதா?"

"இல்லை, சேர். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முழங்கால்ல நிண்டனான்."

"பாத்தியா? சங்கீதமில்லை, தண்டனை. துக்க வீட்டுக்குப் பொருத்தம்."

அதற்குப் பிறகு தினமும் காலையில் நடைபாதையில் மேலும் கீழும் நடந்தோம். முதல் இரண்டு நாள் என் குரல் எனக்கே கேட்காது. "உன்ர கணக்கு வாத்தி செவிடோ?" என்பார். சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். வேலியில் பூக்கன்று வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு. கோயில் பூசையில் வாசகம் வாசிக்கச் சொன்னபோதெல்லாம் தொண்டை சரியில்லை என்று சொன்னவன் நான்.

அந்த நாட்களில்தான் இன்னொன்று நடந்தது. மகள் கடைக்குப் போய்விட்டு மனம் குழம்பி வந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பாட்டுப் போட்டிருந்தார்களாம், அவளுடைய தாய்க்குப் பிடித்த பழைய பாட்டு. பால் எடுக்காமலே வெளியே வந்துவிட்டாளாம்.

"கேக்கிறது வேற, காதில விழுறது வேற" என்றார் தகப்பன். "நீ பாலுக்குப் போனாய். பாட்டுக்குப் போகேல்லை. உன்னில பிழையில்லை."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அவரைக் கதிரையில் இருத்திச் சப்பாத்தைக் கழற்றும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"உனக்குத் தாய் தகப்பன் இருக்கினமோ?"

"இல்லை, சேர்."

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்த வீட்டில் துக்கப்படுகிறவர் கேட்டால் பதில் சொல்லலாம் என்றுதானே இருக்கிறது. சொன்னேன். பண்டகசாலையில் வேலை செய்த காலத்தில் அம்மா மன்னாரில் இறந்தார். போக முடியவில்லை. விசா அப்போது அப்படி. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்றும் வேலைக்குப் போனேன். அங்கே காலையில் இருந்து மாலை வரை ரேடியோ அலறும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க நினைத்தேன். மேற்பார்வையாளரின் அறை வரை போய்த் திரும்பி வந்தேன். பெட்டிகளை ஏற்றினேன். பாட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அம்மா செத்த கிழமை முழுவதும் நான் குத்துப்பாட்டுப் போன்ற ஏதோவொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது பல வருடமாக என் நெஞ்சில் கிடந்தது. மனைவிக்கும் சொன்னதில்லை.

அவருக்குக் குரல் மெல்லியது, நோயால். குனிந்துதான் கேட்க வேண்டும்.

"அதில ஒரு பாட்டாவது இப்ப உனக்கு ஞாபகம் இருக்கோ?"

யோசித்தேன். ஒன்று கூட இல்லை.

"அப்ப நீ கேக்கேல்லை. காதில விழுந்தது, அவ்வளவுதான். தாயின்ர துக்கத்தை நீ சரியாத்தான் காத்திருக்கிறாய். சப்பாத்தைக் கழட்டு, கால் வீங்குது."

சப்பாத்தைக் கழற்றினேன். அவர் காலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை ரோவிலுக்குப் போகும் வழியில் கார் ரேடியோவை நிறுத்தினேன். அடுத்த நாளும் நிறுத்தினேன். மனைவி காரில் ஏறியதும் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னப்பா, ரேடியோ பழுதோ?"

"இல்லை. அங்க முப்பது முடியட்டும்."

"நீங்கள் இப்ப யூதரா மாறிட்டீங்களோ? ஞாயிறு பூசைக்கு வருவீங்கள்தானே, இல்லாட்டி சனிக்கிழமையோ?"

அம்மாவின் கதையை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அதன் பிறகு அவள் தனியாகக் காரை எடுத்துப் போன நாட்களிலும் ரேடியோ போடவில்லை என்பது, அவள் இறங்கிய பின் நான் சாவியைத் திருப்பும்போது தெரிந்தது.

மதிப்பீட்டுக்கு வந்த பெண் நல்லவள்தான். சிரித்த முகம், கழுத்தில் அட்டை. அவரைக் கதிரையில் இருந்து எழும்பச் சொன்னாள். நான் வழமைபோலப் பக்கத்தில் போய் நின்று, "ஓரிரண்டு" என்று தொடங்கினேன். நடந்தார். வாசலைத் தாண்டினார். மகளின் முகம் மலர்ந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நல்லாயிருக்கு. ஆனா ராவில நீங்கள் இஞ்ச இருக்க மாட்டீங்கள்தானே?"

தனியாக என்று முதலிலேயே சொல்லியிருந்தும் நாங்கள் மூன்று பேரும் அதை மறந்தே போனோம். இவ்வளவு நாளும் அவர் நடந்தால் போதும் என்று நடந்தோம். யார் சொல்கிறார்கள் என்பதை நினைக்கவில்லை. மகள் ஸ்பீக்கர் இருந்த அலுமாரியைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் நாங்கள் இருவரும் குசினிக்குப் போனால் நல்லது, அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றாள். படுக்கையில் இருந்து கழிவறைக்கும், திரும்பிப் படுக்கைக்கும்.

குசினியில் நானும் மகளும் நின்றோம். கட்டில் கிறீச்சிட்டது. வோக்கரின் சில்லு அசைந்தது. பிறகு ஒன்றுமில்லை. நெடுநேரம் ஒன்றுமில்லை. மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அந்த மெல்லிய குரல் கேட்டது. "ஓரெண்டு... ரெண்டு."

என் காதை நம்ப முடியவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தினமும் கேட்டுக் கேட்டு அவருடைய வாய்க்குள் அது போய் உட்கார்ந்திருக்கிறது. "ஈரெண்டு நாலு. மூவெண்டு ஆறு." உச்சரிப்பு ஒன்றும் சரியில்லை. இழுவை சரியாக இருந்தது, வெட்டு சரியாக இருந்தது. சில்லு உருண்டது. காலடி ஒன்று, காலடி ஒன்று. "ஆயிரெண்டு பத்து. ஆறெண்டு பன்னெண்டு..."

நின்றுவிட்டது. வாசலில். அடுத்தது ஏழிரண்டு. அந்த 'ழ' அவருக்கு வராது. நான் அதைச் சொல்லும் சத்தத்துக்கே எத்தனையோ நாள் சிரித்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்த விடை. வாயில் நிற்கிறது. ஒரு சொல் போதும். மகள் என் கையைப் பிடித்தாள், சொல்லச் சொல்கிறாளா தடுக்கிறாளா என்று தெரியவில்லை. வாழ்க்கையில் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் பேசாமல் இருந்தவன், அன்று பேசக்கூடாத இடத்தில் பேசாமல் இருக்க நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்.

"ஓரெண்டு ரெண்டு" என்றார் அவர், முதலில் இருந்து. சில்லு வாசலின் கட்டையில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போதும் ஆறுக்குப் பிறகு முதலுக்கே போனார். ஏழு அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் குசினிக்கு வந்து, வீட்டில் இருக்கலாம், குளியலறையில் கைப்பிடிகளும் இரவில் அழைக்க ஒரு பொத்தானும் வைத்தால் போதும், ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்றாள். போகும்போது அவரிடம் கேட்டாள், "அது என்ன பாஷை?"

"இவனிட்டக் கேள்" என்றார் அவர். "இவன்தான் இந்த வீட்டில பேச்சாளன்."

மகள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அப்படிச் செய்யலாமோ என்று யோசித்து விலகினாள். நான் "ஓம், ஓம்" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. அவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இருந்தது நிறைய. சத்தமாக ஒரு வார்த்தை சொல்லும் தைரியத்தை அவர் எனக்குத் தந்தார். என் அம்மாவின் துக்கத்தைத் திருப்பித் தந்தார். அந்த நன்றிக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அடுத்த நாள் கைப்பிடி பொருத்த ஆள் வந்தான். குளியலறைச் சுவரில் இரண்டு துளை பிழையான இடத்தில் போட்டுவிட்டு, சரியான ஆணி இல்லை, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனான்.